மல்லனுக்கு நட்ட கம்பம்

மல்லர் கம்பத்தை ஒருமுறை அடி முதல் நுனி வரை பார்த்தால், அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும். தேக்கிலோ அதுபோல வைரம் பாய்ந்த மரத்திலோ கடைந்த கம்பம் அது. தரைக்கு மேல் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம் நிற்கும். அடிச்சுற்று அரை மீட்டருக்குச் சற்று அதிகம். மேலே போகப் போகச் சிறுக்கும். உச்சியில் ஒரு குமிழ் இருக்கும், மராத்தியில் அதைப் பருத்திக் காய்க்கு ஒப்பிட்டு ‘போண்ட்’ என்பார்கள். அதற்குக் கீழே குறுகலாக ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே உடல். தலை, கழுத்து, உடல் என்று மனித உருவை மனத்தில் வைத்துத்தான் தச்சன் அதைக் கடைந்திருக்கிறான். கோதாவில் எதிராளியின் கழுத்தை வளைத்துப் பிடிக்கவும், தொடையால் இடுப்பை இறுக்கவும், பிடியிலிருந்து நழுவாமல் சுழலவும் பழகுவதற்காக நிறுத்தப்பட்ட, திருப்பி அடிக்காத எதிராளி அது. உராய்வில் தோல் உரியாமலிருக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். ஆனால் இன்று புனேயின் உடற்பயிற்சிக் கூடங்களில் இந்தக் கம்பத்தில் தொற்றிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் மல்யுத்தமே கற்காத பள்ளிப் பிள்ளைகள். ஆறேழு வயதுக் குழந்தைகளும் அவர்களில் உண்டு. வளர்ந்த ஆணின் ஆயுதம் எப்படிக் குழந்தையின் கைக்குப் போனது? ‘நம் முன்னோர் பால் மறந்ததுமே பிள்ளையைக் கம்பத்தில் ஏற்றினார்கள்’ என்பதுதான் மேடைகளில் கிடைக்கும் பதில். கிடைக்கும் சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. சிறு பிள்ளைகளைக் கம்பத்தில் பழக்குவது, என் கணிப்பில், ஏறக்குறைய நூறாண்டு வயதுள்ள வழக்கம். இவ்வளவு இளையது என்பதால்தான் அதன் விதிகளை நாம் தயங்காமல் கேள்வி கேட்கலாம்.

பனி பெய்யும் நாடுகளிலும் இதே கதை வேறு வடிவில் நடந்திருக்கிறது. நார்வேக்காரர்கள் தாங்கள் காலில் சறுக்குக்கட்டையோடு பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அங்கும் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முழ நீளக் கட்டைகளைக் கட்டிச் சாய்வில் விடுவது சாதாரணம். ஆனால் பனிச்சறுக்குக் கட்டை வேட்டைக்கும் பயணத்துக்கும் படைக்கும் உருவானது. மழலையர் பள்ளிக்காக யாரும் அதைச் செய்யவில்லை. பனியே விழாத புனேயில் அதற்கு இணையாக நிற்பது கம்பம்தான். பனியில் குழந்தை வழுக்கலை ஆளக் கற்கிறது, கம்பத்தில் வழுக்காமல் பற்றக் கற்கிறது. இரண்டிலும் பெரியவர்களின் கருவியைக் குழந்தையின் உடல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

பழமையிலிருந்து தொடங்குவோம். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் பெயரில் வழங்கும் 12-ஆம் நூற்றாண்டு நூல் ‘மானசோல்லாசம்’. இட்லியின் மூதாதையைத் தேடுகிறவர்கள் புரட்டும் அதே நூல்தான். மல்லர்களைப் பற்றிய பகுதி ஒன்று அதில் இருக்கிறது; மல்லர் கம்பத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றாக அதைத்தான் காட்டுவார்கள். மல்லர்களை வயது, உடற்கட்டு, வலிமை கொண்டு தரம் பிரிப்பதையும், அரசன் அவர்களுக்குப் பருப்பும் பாலும் இறைச்சியும் இனிப்பும் கொடுத்துப் பேணுவதையும் அந்நூல் சொல்கிறது. அது அரண்மனைச் சம்பளத்தில் வாழ்ந்த தொழில்முறை வீரர்களின் உலகம். இதைவிடப் பழைய சுடுமண் உருவங்களையும் கோயில் சிற்பங்களையும் காட்டி மல்லர் கம்பத்துக்கு உரிமை கொண்டாடும் ஊர்கள் பல. நம் மாமல்லபுரத்தையும் அந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு மனிதன் கம்பில் தொங்குவதைக் காட்டும் உருவம், மனிதர்கள் கம்பில் தொங்கினார்கள் என்பதற்குச் சான்று, அவ்வளவே. நம் வழுக்கு மரமும் அப்படித்தான். எண்ணெய் பூசிய மரத்தில் ஏறுவதும் எண்ணெய் பூசிய கம்பத்தில் பயிற்சி செய்வதும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும், முன்னது திருவிழாப் பந்தயம், பின்னது பாடத்திட்டம் உள்ள கலை.

அந்தப் பாடத்திட்டத்தை உயிர்ப்பித்த பெருமை பாலம்பட்ட தாதா தேவதர் என்பவரைச் சேரும். இவர் மராத்திய ஆட்சியாளரான பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசான். நிஜாம் நாட்டிலிருந்து அலி, குலாப் என்று இரண்டு மல்லர்கள் புனேக்கு வந்து சவால் விட்டார்களாம். அவர்களை எதிர்கொள்ள யாரும் முன்வராதபோது இளைஞரான பாலம்பட்டர் அவகாசம் கேட்டு, நாசிக்குக்கு வடக்கே உள்ள சப்தசிருங்கி மலைக்குப் போய் நோன்பிருந்தாராம். அங்கே குரங்குகள் மரத்தில் பாய்ந்து பற்றும் விதத்தைக் கண்டு மரக்கம்பத்தில் பழகித் திரும்பி வந்து வென்றாராம். இந்தக் கதையை வரி வரியாக வரலாறாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தங்கள் கலை எதற்காக என்று அந்த மரபினர் நினைத்தார்கள் என்பதற்கு அது நம்பகமான சாட்சி. எடை மிகுந்த மல்லனை எடை குறைந்தவன் எப்படி வெல்வது என்பதே கதையின் கேள்வி. விரைவும் பிடியும் வளைவும்தான் பதில். கம்பம் இளைத்தவனின் கருவியாகவே மறுபிறவி எடுத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம், பின்னால் குழந்தைகள் அதற்கு வந்து சேர்ந்ததன் விதை இதில் இருக்கிறது. ஆயினும் கதையில் வருபவர்கள் எல்லோரும் மீசை முளைத்தவர்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். 1818-இல் ஆட்சியை இழந்த பாஜிராவை ஆங்கிலேயர் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தோடு கான்பூருக்கு அருகிலுள்ள பிட்டூருக்கு அனுப்பினார்கள். அவரோடு புனேயின் கலைகளும் கங்கைக்கரைக்குப் போயின. மல்லர் கம்பம் காசியில் வேரூன்றியதும் இந்தக் குடிபெயர்ப்பால்தான். அந்தப் பிட்டூரில்தான் பின்னாளில் ஜான்சி ராணியான மணிகர்ணிகாவும் நானா சாகிப்பும் தாத்யா தோபேயும் சிறு வயதில் கம்பம் பழகினார்கள் என்று பள்ளிக்கூட நாடகங்கள் காட்டுகின்றன. அப்படியானால் குழந்தைகள் அன்றே பழகினார்களே? தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாத்யா தோபே பிறந்தது 1814-இல், நானா சாகிப் 1824-இல். மணிகர்ணிகாவின் பிறந்த ஆண்டை 1828 என்பவர்களும் 1835 என்பவர்களும் உண்டு. முந்தைய ஆண்டையே எடுத்துக்கொண்டாலும் தாத்யாவுக்கும் அவளுக்கும் இடையே பதினான்கு வயது வித்தியாசம். மூவரும் ஒரே முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் என்ற படம் இந்தக் கணக்கில் நிற்காது. அவள் பிட்டூரில் குதிரையேற்றமும் வாளும் பழகியதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரண்மனை வளாகத்தில், படைப்பயிற்சியோடு சேர்த்து, ஒரு தனிச் சிறுமிக்குக் கிடைத்த வாய்ப்பு அது. ஊர்ப் பிள்ளைகளின் வழக்கத்துக்கு அதைச் சான்றாக நீட்ட முடியாது.

ஊர்ப் பிள்ளைகள் போன இடம் தாலீம். கல்வி, பயிற்சி என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த இந்தப் பெயர் தமிழ்நாட்டிலும் பழைய சிலம்பக் கூடங்களுக்கு வழங்கியதுதான். தாலீமின் ஆசானை மராத்தியில் ‘வஸ்தாத்’ என்பார்கள்; வட சென்னையில் நாம் ‘வஸ்தாது’ என்கிறோம். தண்டாலும் பஸ்கியும் கர்லாக் கட்டையும் நமக்கும் அவர்களுக்கும் பொது. புனேயின் பேட்டைதோறும் ஒரு தாலீம் இருந்தது. சுக்ரவார் பேட்டையின் சிஞ்சேச்சி தாலீம் தன் தொடக்கத்தை 1783 என்று சொல்லிக்கொள்கிறது. இந்தத் தாலீம்களில் பழகியவர்களாக வரலாறு பெயர் சொல்லும் மனிதர்களின் வயதைக் கவனிப்பது பயனுள்ளது. லஹுஜி சால்வே என்ற வஸ்தாத் 1794-இல் பிறந்தவர், மாங் சாதியைச் சேர்ந்தவர். தீண்டாமை கோலோச்சிய நகரில் எல்லாச் சாதி இளைஞர்களுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். 1827-இல் பிறந்த ஜோதிராவ் புலே அவரிடம் தாண்டபட்டா வாள்வீச்சும் குறிபார்த்துச் சுடுவதும் பழகியபோது வயது இருபதை ஒட்டி. பிராமணரான வாசுதேவ் பல்வந்த் பட்கேயும் அவரிடம் கற்றவரே. சாதிச் சுவரில் இவ்வளவு பெரிய திறப்பை ஏற்படுத்திய அந்த மண்குழிக்குப் புனே இன்னும் நிறைய நன்றிக்கடன் பட்டிருக்கிறது. 1890-களில் சாபேகர் சகோதரர்கள் புனேயில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் சேர்த்து ஓர் உடற்பயிற்சிக் குழு நடத்தினார்கள். பிளேக் காலக் கொடுமைகளுக்குப் பழிவாங்க 1897 ஜூன் 22 அன்று ராண்ட் என்ற அதிகாரியைச் சுட்டவர்கள் அவர்கள்தான். புலேயும் சரி, சாபேகர்களும் சரி, உடலைப் பழக்கியது ஒரு போருக்காக. போருக்கு ஆள் சேர்ப்பவன் ஆறு வயதுப் பிள்ளையைத் தேட மாட்டான்.

திருப்பம் 1920-களில் வந்தது என்று நினைக்கிறேன். அதைக் கொண்டுவந்தது பள்ளிக்கூடம். அந்தப் பத்தாண்டில் மராத்தி நாட்டில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுப்போக்கு தெரிகிறது. அவுந்த் சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தைத் தம் பள்ளிகளில் ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் பாடமாக்கினார். (இது சாதாரா பக்கத்து அவுந்த், இன்று புனேக்குள் இருக்கும் அவுந்த் அல்ல.) அரசன் மல்லனுக்குப் பால் வார்த்த காலம் போய், அரசன் பள்ளிப் பிள்ளையின் முதுகெலும்பைப் பற்றிக் கவலைப்படும் காலம் வந்தது. பரோடாவின் ஜும்மாதாதா வியாயாம மந்திரில் பேராசிரியர் மாணிக்ராவிடம் பழகிய குவலயானந்தர் 1924-இல் புனே மாவட்டத்து லோணாவளாவில் கைவல்யதாமம் என்ற யோக ஆய்வு நிலையத்தை நிறுவினார். பின்னர் பம்பாய் அரசின் உடற்கல்விக் குழுவிலும் இடம்பெற்றார். அதே 1924-இல் புனே நகருக்குள் கேப்டன் சிவராம்பந்த் தாம்லே மகாராஷ்ட்ரிய மண்டலைத் தொடங்கினார். தாலீமையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்த நிறுவனம் அது. சென்னையிலோ அதற்கு முன்பே, 1920-இல், ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் திறந்து, பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி விளையாட்டாகவே போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கோடு ஆசிரியர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். இவர்கள் எல்லோரும் ஒரே கட்சியினர் அல்லர். ஆனால் வஸ்தாத் தேர்ந்தெடுத்த சிலருக்கு என்றிருந்த பயிற்சியை, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் என்று மாற்றியதில் இவர்கள் ஒன்றுபட்டார்கள். எல்லோருக்கும் என்று வந்துவிட்டால் வயது இறங்கத்தான் செய்யும். மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1936-இல் அமராவதியின் ஹனுமான் வியாயாம பிரசாரக மண்டல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது உலகுக்கு மல்லர் கம்பத்தைக் காட்டியபோதும் அங்கே ஏறியவர்கள் வளர்ந்த ஆண்களே.

பள்ளிக்கூடம் கம்பத்தைக் குழந்தைக்கு அருகே கொண்டுவந்தது சரி. குழந்தை ஏன் அதில் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது? இதற்கு உடலின் கணக்கில் விடை இருக்கிறது. உருவம் பாதியானால் தசையின் குறுக்குப் பரப்பு கால் பங்காகும். எடையோ எட்டில் ஒரு பங்காகும். வலிமை தசையின் பரப்பைச் சார்ந்தது. ஆகவே தன் எடையைத் தானே தூக்கும் வேலையில் சிற்றுடல் பேருடலைவிட லாபத்தில் இருக்கிறது. எறும்பு தன்னைப் போலப் பல மடங்கு எடையை இழுப்பதற்கும், தொண்ணூறு கிலோ மல்லன் மூச்சு வாங்கும் பிடியில் இருபது கிலோச் சிறுமி சாவகாசமாகக் காலைப் பின்னிக்கொண்டு கைகளை விடுவதற்கும் காரணம் ஒன்றே. மல்லனுக்காக நட்ட கம்பம் இயற்பியல்படி குழந்தைக்கே அதிகம் பொருந்துவதாக முடிந்தது! பாலம்பட்டரின் கதையில் எடை குறைந்தவன் வென்ற அதே நியாயம் இங்கே இன்னும் ஒரு படி கீழே இறங்கி வேலை செய்கிறது. கருவியும் அதற்கு வளைந்து கொடுத்தது. கட்டையான, மெலிந்த கம்பங்கள் வந்தன. முன்பு பிரம்பில் செய்ததை, தகுந்த பிரம்பு கிடைப்பது அரிதானபோது, பருத்திக் கயிற்றில் செய்யத் தொடங்கினார்கள். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கயிற்றைக் கவ்விச் செய்யும் அந்தக் கயிற்று மல்லர் கம்பம்தான் வெகுகாலம் சிறுமிகளின் பங்காக இருந்தது. பேஷ்வா மரபின் நிழலே விழாத விழுப்புரம் தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்தின் ஊராக ஆகியிருப்பதற்கும் இந்தப் பொருத்தம் ஒரு காரணம். பிள்ளைகள் ஏறுவதற்கு வம்சாவளி எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் இன்னும் சிறிய வயதிலேயே, மூன்றிலேயே தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இளமையில் கல், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதெல்லாம் நம் நாவில் தயாராக இருக்கின்றன. நான் சொன்ன கணக்கே இவர்களுக்கு எதிராகத் திரும்பும். குழந்தை என்பது பெரியவரைச் சீராகச் சுருக்கிய உருவம் அல்ல. பிறந்த குழந்தையின் உயரத்தில் தலை மட்டும் கால் பங்கு. வளர்ந்தவருக்கு அது ஏழு எட்டில் ஒரு பங்கு. மூன்று வயதில் தலை இன்னும் பாரமானது, கழுத்து மெல்லியது. விழும்போது அந்தப் பிள்ளை தலையைக் கொண்டே விழும். பற்றும் கையும் விடும் கையும் மூளையின் கட்டளைக்கு இன்னும் முழுதாக இணங்காத வயது அது. பனியில் மூன்று வயதுப் பிள்ளை விழுந்தால் பஞ்சு போன்ற தரையில் தன் உயரத்திலிருந்துதான் விழுகிறது. கம்பத்தில் அது தன் உயரத்துக்கு மேலிருந்து விழும். ஆகவே சறுக்குக்கு ஒத்துவரும் வயது கம்பத்துக்கு ஒத்துவராது. ஓடுவது, உருள்வது, தொங்குவது, தாண்டுவது என்று அந்த வயதுக்குரிய விளையாட்டு நிறைய இருக்கிறது. தாலீமின் பழைய ஒழுங்கிலும் தண்டாலும் பஸ்கியும் முதலில்தான், கம்பம் பிறகுதான். நீள எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு பதின்பருவத்தின் பின்பகுதி வரை மூடுவதில்லை. ஒரே அசைவைப் பதக்கத்துக்காக நாளெல்லாம் செய்யவைக்கும்போது அடிபடுவது அந்த இடம்தான்.

உண்மையான ஆபத்தை வேறொரு வழக்கத்தில் தெளிவாகப் பார்க்கலாம். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் மகாராஷ்டிரம் முழுதும் தயிர்ப்பானை உடைக்க மனிதக் கோபுரம் எழுப்புவார்கள். உச்சியில் ஏற்றப்படுவது குழந்தை. ஏன் குழந்தை? எடை குறைவு. கம்பத்தைக் குழந்தைக்குத் திறந்துவிட்ட அதே லேசான உடல், இங்கே பெரியவர்களின் பந்தயத்துக்குக் கருவியாகிறது. 2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பங்கேற்கக் கூடாது, கோபுரம் 20 அடியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய பின், 2017-இல் 14 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்க மாட்டோம் என்ற மாநில அரசின் உறுதியை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உயர வரம்பு போய்விட்டது. மரபில் கை வைக்கிறார்கள் என்ற கூக்குரல் அப்போது எழுந்தது. மரபின் வயதைக் கேட்காமல் அந்தக் குரலுக்குப் பணிந்தால், கம்பத்திலும் அதுதான் நடக்கும். கம்பத்தில் ஏறும் குழந்தைக்குத் தானே எப்போது இறங்கலாம் என்ற அதிகாரம் இருக்கிறது. கோபுரத்து உச்சியில் இருக்கும் குழந்தைக்கு அது இல்லை. குடியரசு தினக் காட்சிக்காகவும் கணேசர் ஊர்வல வண்டிக்காகவும் பிள்ளைகளைக் கம்பத்தின் மேல் அடுக்கும்போது இந்த வேறுபாடு மங்கிப்போகிறது.

மல்லர் கம்பம் இப்போது அரசின் கவனத்தில் இருக்கிறது. 1981-இல் தனிக் கூட்டமைப்பு உருவானது. 2013-இல் மத்தியப் பிரதேசம் அதை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019-இல் மும்பையில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2022-இல் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலும் குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பதக்கம் வந்தால் பதக்கத்துக்கான வயதும் கீழே இறங்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் நாதியா கொமானெச்சி 1976-இல் 14 வயதில் உலகை மயக்கிய பிறகு இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1997-இல்தான் பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 16 ஆனது. பனிச் சறுக்கு நடனத்தில் 2022-இல் பெய்ஜிங்கில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கி உலகின் முன் அழுத பிறகு அந்த வயது 17-க்கு உயர்த்தப்பட்டது. இரண்டிலும் விதி வந்தது சேதத்துக்குப் பின்னால்தான்.

பரிசு இல்லாவிட்டால் எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள், பிறகு வீரர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது பயிற்சியாளர்களின் நியாயமான கவலை. தேர்வு மதிப்பெண்ணோடு விளையாட்டுச் சான்றிதழையும் எண்ணிப் பார்க்கும் நம் ஊரில் அது வெறும் சாக்கு அல்ல. இதற்கு நான் நார்வேயைக் காட்டுவேன். சறுக்குக்கட்டையோடு பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இல் குழந்தைகளுக்கான விதிகளை வகுத்து, 2007-இல் அவற்றைக் குழந்தைகளின் உரிமைகளாக விரித்தது. 11 வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடக் கூடாது. 13 வயதாகும் ஆண்டுக்கு முன் தேசியப் பட்டப் போட்டிகள் கிடையாது. மூன்று வயதில் சறுக்கத் தொடங்கும் பிள்ளை பத்தாண்டுகள் பட்டம் எதுவும் இல்லாமல் சறுக்குகிறது. ஐம்பத்தைந்து லட்சம் பேரே வாழும் அந்நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும் 2022-இல் 37 பதக்கங்களும் பெற்று இரண்டு முறையும் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. மல்லர் கம்பப் போட்டிகளில் 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு இருக்கிறது. அதை முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்காத காட்சியாக மாற்றுவதற்குக் கூட்டமைப்பின் ஒரு தீர்மானம் போதும். கம்பத்தின் அளவில் ஒரு விரற்கடை கூட மாற்ற வேண்டியிருக்காது.